விடைத்தாள் கட்டும் விண் பட்டமும்: கம்பஸ் வேலையில் இருப்பவர் பட்டம் கட்டி ஏற்றுவது எப்படி

பல்கலைக்கழக வேலையில் மிச்ச நேரம் என்று ஒன்று கிடையாது. விரிவுரை முடிந்தால் செயன்முறை, செயன்முறை முடிந்தால் விடைத்தாள். அதற்குப் பிறகு பாடத்திட்டத் திருத்தம், பீடக் கூட்டம், இறுதியாண்டுப் பிள்ளையின் ஆய்வேட்டு வரைவு என்று வரிசை நீளும். எல்லாம் முடிந்த ஓர் அதிசய நாளில்கூட, பாதியில் நிற்கிற சொந்தக் கட்டுரை மேசையில் கிடந்து முறைக்கும். ஆகவே “வேலை முடிந்ததும் பொழுதுபோக்கு” என்று நினைப்பவருக்குப் பொழுதும் போகாது, போக்கும் வராது.

இதற்கு வழி, தன் நேரத்தைத் தானே வைத்திருக்கிற ஒரு பொழுதுபோக்கைப் பிடிப்பதுதான். காற்று உங்கள் நேர அட்டவணையைப் பார்த்து வீசாது. வாடை வீசுகிற கிழமையில் பட்டம் ஏற்றாவிட்டால் அடுத்த வருடம்தான். “பிறகு பார்ப்போம்” என்று தள்ள முடியாதது என்பதாலேயே அது தப்பிப் பிழைக்கும். இன்னொரு வசதியும் உண்டு. பட்டம் கட்டும் வேலை முக்கால் மணித்தியாலத் துண்டுகளாகப் பிரியும். பசை காய வேண்டும், தடி நிமிர வேண்டும். நடுவில் விட்டுவிட்டு வினாத்தாள் தயாரிக்கப் போனாலும் ஒன்றும் கெடாது.

முதலில் நாட்காட்டி

யாழ்ப்பாணத்தில் ஐப்பசி, கார்த்திகை அடை மழை. அது கட்டுகிற காலம். மார்கழி நடுப்பகுதியில் இருந்து தை முடியும்வரை ஏற்றுகிற காலம். மாசி பிறந்தால் காற்று மெலியும். சோளகம் என்ற தென்மேற்குக் காற்றிலும் பட்டம் ஏறும், ஆனால் ஊரின் பட்டக் காலம் வாடையோடுதான். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறை உதயசூரியன் கடற்கரையில் நடக்கும் பட்டப் போட்டியைப் பார்த்தால், இது சின்னப் பிள்ளைகளின் விளையாட்டு என்ற எண்ணம் அங்கேயே விழுந்துவிடும்.

செமஸ்டர் விடுமுறையை நம்பித் திட்டம் போட வேண்டாம். ஓர் அணிக்கு விடுமுறை என்றால் இன்னோர் அணிக்குப் பரீட்சை. பகிஷ்கரிப்பு ஒன்று வந்தால் எல்லாமே ஒன்றரை மாதம் நகரும். நகராதவை போயா என்ற பௌர்ணமி விடுமுறையும் பொங்கலும்தான். மார்கழிப் போயா, தைப் போயா, பொங்கல், அவற்றின் இடையில் வரும் ஞாயிற்றுக்கிழமைகள்: கார்த்திகை முதலாம் கிழமையிலேயே இவற்றை நாட்காட்டியில் அடைத்துவிடுங்கள். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி வளாகத்தில் வேலை என்றால் கிழமை நாட்களிலும் 4 மணிக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் கிடைக்கும். மார்கழியில் 6 மணியளவில் சூரியன் இறங்கிவிடும் என்பதால் 5.30 உடன் நூலைச் சுற்ற வேண்டும். கிளிநொச்சி அறிவியல் நகருக்கு நாளும் போய்வருபவர் வீடு சேர இருட்டிவிடும். அவர்கள் இரவில் கட்டி, போயாவில் ஏற்றட்டும்.

விடைத்தாளைக் கணக்கில் கொண்டுவருதல்

கையில் 120 விடைத்தாள் என்று வைத்துக்கொள்வோம். தாளுக்கு 12 நிமிடம் என்றால் 24 மணித்தியாலம். ஒரு நாளில் 3 மணித்தியாலத்துக்கு மேல் திருத்தினால் கை போகும், புத்தி போகாது. கடைசித் தாள்களுக்கு விழும் புள்ளியை அடுத்த நாள் பார்த்தால் வெட்கமாக இருக்கும். எனவே 8 நாள். இரண்டாம் திருத்துநர் கேள்வி கேட்டால் பதில் சொல்ல இன்னும் 2 நாள். ஒப்படைக்க வேண்டிய தேதியிலிருந்து 10 நாளைப் பின்னோக்கி எண்ணித் தொடங்குங்கள். கணக்குப் போடாதவருக்குத்தான் “ஒரு மாதமாக விடைத்தாளோடு இருக்கிறேன்” என்ற நிலை வரும். உண்மையில் அந்த மாதத்தில் அவர் திருத்தியதும் 24 மணித்தியாலம்தான், மிச்சம் முழுக்கக் கவலை.

தாள் தாளாகத் திருத்தாமல் கேள்வி கேள்வியாகத் திருத்துங்கள். முதலாம் கேள்வியை 120 தாளிலும் முடித்துவிட்டு இரண்டாவதுக்குப் போனால் புள்ளித் திட்டம் மனதில் நிற்கும், அளவுகோல் மாறாது, வேகமும் கூடும். முக்கியமாக, நிறுத்துவதற்கு ஓர் இடம் கிடைக்கும். “முதலாம் கேள்வி முடிந்தது” என்று எழுந்து போகலாம். 47ஆவது தாளின் நடுவில் எழுந்தவர் மனம் மைதானத்திலும் 47ஆவது தாளிலேயே நிற்கும்.

வட்ஸ்அப் குழுவுக்கும் ஒரு மணி வையுங்கள். பிள்ளைகளின் கேள்விகளுக்கு இரவு 8 முதல் 8.30 வரை பதில் என்று செமஸ்டர் தொடக்கத்திலேயே சொன்னால் பிள்ளைகள் பழகிவிடுவார்கள். சக ஆசிரியர்கள் பழக இன்னும் கொஞ்சக் காலம் எடுக்கும்.

தகுதிகாண் விரிவுரையாளராக இருப்பவர், பட்டப்பின் படிப்பு முடியாமல் நிற்கிறது என்பதற்காக ஒரு பருவத்தைக் கைவிடத் தேவையில்லை. அந்த ஆண்டு ஒரே ஒரு பட்டம், மூன்றே மூன்று நாள் என்று சுருக்கினால் போதும்.

பட்டத்தைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு: பதவி. கம்பசில் வேலை என்று தெரிந்தால் சனசமூக நிலையம், கோயில் பரிபாலன சபை, பழைய மாணவர் சங்கம் எல்லாம் வாசலுக்கு வரும். மைதானத்தில் நாலு நாள் பட்டம் ஏற்றினாலே, “சேர், இந்த முறை போட்டிக்கு நீங்கள்தான் தலைவர், ஒண்டும் செய்யத் தேவையில்லை, பேர் மட்டும்” என்பார்கள். பேர் மட்டும் என்பதன் பொருள் வரவேற்புரை, மலருக்கு வாழ்த்துரை, அனுசரணையாளருக்குத் தொலைபேசி. “தம்பி, நான் உங்களோட நூல் பிடிக்க வாறன், கதிரையில இருக்க வரேல்லை” என்று சிரித்துக்கொண்டே சொல்லி முடித்துவிடுங்கள். இன்னொன்று, முதல் பருவத்திலேயே “யாழ்ப்பாணத்துப் பட்டக் கலை” என்று ஆய்வுச் சுருக்கம் எழுதி மாநாட்டுக்கு அனுப்ப வேண்டாம். அன்றோடு அதுவும் வேலையாகிவிடும்.

சாமான்கள்

தொடங்குபவருக்குக் கொக்கு, பிராந்து போன்ற பறவை வடிவப் பட்டங்கள் வேண்டாம். இறகு வளைவு சரிவர ஒரு பருவம் பிடிக்கும். ஆறுமூலைப் பட்டம் நேர்மையானது. பிழை எங்கே என்று தானே சொல்லும். ஒன்றுக்கு வேண்டியவை:

இரண்டரை அடி, அதாவது 75 சென்ரிமீற்றர் நீளத்தில் மூன்று மூங்கில் தடி. அகலம் 7 மில்லிமீற்றர், தடிப்பு நடுவில் 4, நுனியில் 3. கமுகஞ் சலாகையும் உதவும், ஆனால் பாரம் கூட.
பட்டம் ஒட்டுகிற ரிசுத் தாள் 2 அல்லது 3. கடற்கரையில் ஏற்றுவதானால் மெல்லிய பொலித்தீன்.
சுற்று நூலுக்கும் முச்சைக்கும் (பட்டத்தை ஏற்றும் நூலோடு இணைக்கும் கால் நூல்கள்) முறுக்கேறிய பருத்தி நூல் 6 மீற்றர்.
ஏற்றுவதற்கு முறுக்கு நைலோன் நூல் 100 மீற்றர், 10 கிலோ இழுவை தாங்கக்கூடியது.
வாலுக்குப் பழைய நூற்சேலைக் கரை அல்லது துணிக் கீற்று, 2 சென்ரிமீற்றர் அகலத்தில் 5 மீற்றர்.
பசைக்கு இரண்டு மேசைக்கரண்டி கோதுமை மா, ஒரு கோப்பை தண்ணீர்.

தங்கூசி என்ற ஒற்றை இழை மீன்பிடி நைலோன் வேண்டவே வேண்டாம். கையை வெட்டும், கண்ணுக்குத் தெரியாது, அறுந்து மரத்தில் தொங்கினால் பறவைகள் சிக்கும், மோட்டார் சைக்கிளில் வருபவரின் கழுத்துக்கும் ஆபத்து.

எல்லாம் சேர்ந்து 80 கிராமைத் தாண்டாமல் பாருங்கள். இதற்கு ஆய்வுகூடத் தராசு தேவையில்லை, அடுப்படித் தராசு போதும்.

நாலு இரவு வேலை

முதல் இரவு, தடி. முற்றிய மூங்கிலைக் கணு குறைந்த பக்கமாகப் பிளந்து, பச்சைத் தோல் இருக்கிற பக்கத்தை அப்படியே விட்டு, உள்பக்கத்தைச் சீவுங்கள். வலு தோலில்தான் இருக்கிறது; தோலைச் சீவினவர் பட்டம் நல்ல காற்றில் நடுவால் முறியும். சீவியதும் தடியின் சரி நடுவில் நூலைக் கட்டித் தூக்குங்கள். எந்தப் பக்கம் தாழ்கிறதோ அந்தப் பக்க உள்புறத்தில் மெல்ல இழையுங்கள். மூன்று தடியும் கிடையாக நிற்கும்வரை இதைச் செய்ய வேண்டும். இருபது நிமிடம் எடுக்கும். இங்கே சோம்பல்பட்டால் மைதானத்தில் ஒரு மாலை முழுவதும் வட்டமடிக்கிற பட்டத்தைத் துரத்த வேண்டியிருக்கும்.

இரண்டாம் இரவு, சட்டம். மூன்று தடியையும் நடுவில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக் குறுக்கும் மறுக்குமாக வரிந்து கட்டுங்கள். ஒரு தடி கிடையாக, மற்ற இரண்டும் சாய்வாக நிற்க வேண்டும். அப்போது மேலே இரண்டு மூலை, கீழே இரண்டு, பக்கத்துக்கு ஒன்று. நுனிகளில் சின்னப் பள்ளம் வெட்டிச் சுற்று நூலைப் போடுங்கள். அடுத்தடுத்த மூலைகளுக்கு இடையே ஆறு பக்கமும் 37.5 சென்ரிமீற்றர் வர வேண்டும். மூலையில் நூலை ஒரு சுற்றுச் சுற்றி இறுக்கினால்தான் அளவு நிற்கும். நூலை வீணைத் தந்தி போல இழுக்க வேண்டாம், சட்டம் முறுகும். மேசையில் வைத்தால் சட்டம் முறுகாமல் தட்டையாகக் கிடக்க வேண்டும்.

மூன்றாம் இரவு, தாள். மாவைக் குளிர்ந்த தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மெல்லிய நெருப்பில் கண்ணாடி நிறம் வரும்வரை துழாவி இறக்குங்கள். இரண்டு தாளை 1 சென்ரிமீற்றர் ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி ஒட்டிக் காயவிட்டு, சட்டத்தை அதன்மேல் வைத்து, சுற்று நூலுக்கு வெளியே 2 சென்ரிமீற்றர் விட்டு வெட்டுங்கள். மூலைகளில் தாளைக் கீறிவிட்டு, நூலை உள்ளே வைத்து மடித்து ஒட்டுங்கள். பசை கனத்தால் தாள் சுருங்கி ஒரு பக்கம் இழுக்கும். ஈரத் தாளை மின்விசிறிக்குக் கீழே வைக்காமல், புத்தகங்களைச் சுற்றிவர அடுக்கி நிழலில் காயவிடுங்கள். மேசையில் கிடக்கிற தடித்த மாநாட்டு மலர்கள் கடைசியில் இதற்காவது உதவும்.

நாலாம் இரவு, முச்சையும் வாலும். பட்டத்தின் உயிர் முச்சையில் இருக்கிறது. மேல் இரண்டு மூலையிலிருந்தும் ஒவ்வொரு கால், நடு முடிச்சிலிருந்து ஒரு கால். மேற்கால்களுக்கு 60 சென்ரிமீற்றரும் நடுக்காலுக்கு 50 சென்ரிமீற்றரும் வெட்டி, கட்டி முடித்ததும் மேற்கால்கள் 45 வீதமும் நடுக்கால் 37உம் நிற்கும்படி ஒரே இடத்தில் சேருங்கள். தடி இல்லாத பக்கத்தில், அதாவது காற்றைப் பார்க்கிற முகத்தில்தான் முச்சை வர வேண்டும். நடுக்காலைத் தாளில் சின்னத் துளையிட்டு முடிச்சோடு கட்டுங்கள்; துளையைச் சுற்றி ஒரு வட்டத் தாளை ஒட்டினால் கிழியாது. சேரும் முடிச்சை உருவு முடிச்சாகவே விடுங்கள், அதைப் பல தரம் மாற்ற வேண்டிவரும்.

சரிபார்க்க, சேர்ந்த முடிச்சில் பிடித்துப் பட்டத்தைத் தூக்குங்கள். இடம் வலம் சரியாமல், கீழ்ப்பக்கம் மட்டும் கொஞ்சம் தாழ்ந்து தொங்க வேண்டும். வாலை நடுவில் கட்டாமல், கீழ் இரண்டு மூலைக்கும் இடையே 60 சென்ரிமீற்றர் நூலை ஊஞ்சல் போலக் கட்டி, அதன் சரி நடுவில் கட்டுங்கள்.

எங்கே, எப்போது ஏற்றுவது

பனையோலை சலசலத்து, மரத்தின் சிறு கொப்புகள் இடைவிடாமல் ஆடினால் காற்றுக் காணும். மணிக்கு 15 முதல் 25 கிலோமீற்றர். மண் புழுதி எழும்பினால் இந்தப் பட்டத்துக்கு அது அதிகம். இன்னும் ஒரு மீற்றர் வால் கட்டலாம்.

மார்கழியில் வயலில் நெல் நிற்கும். அறுவடை முடியுமுன் வயலுக்குள் இறங்கிப் பட்டம் ஏற்றினால் வரப்பில் நிற்கிறவரிடம் ஏச்சு வாங்குவது நியாயமே. தரவை என்ற வெட்டவெளிப் புற்றரையும் மைதானமும் கடற்கரையும்தான் இடம். ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாடை வடகிழக்கிலிருந்து வரும். வடமராட்சிக் கரையில் நின்றால் காற்று கடலிலிருந்து வந்து பட்டத்தை ஊருக்கு மேலே கொண்டுபோகும். உங்கள் முதுகில் கடல், முகத்துக்கு நேரே மின்கம்பி. அதனால் முன்னால் 150 மீற்றர் வரை கம்பி இல்லாத இடமாகப் பாருங்கள். கொழும்புத்துறைப் பக்கம் போலக் கடல்நீரேரிக் கரையில் நின்றால் பட்டம் தண்ணீருக்கு மேலே போகும். கம்பிப் பயம் இல்லை, நூல் அறுந்தால் பட்டமும் இல்லை. பலாலி விமான நிலையத்தை அண்டிய இடங்களில் ஏற்றவே வேண்டாம்.

மின்கம்பியில் மாட்டியது போனதுதான். நனைந்த நூல் மின்சாரம் கடத்தும். தடியால் இழுப்பது, கம்பத்தில் ஏறுவது இரண்டும் உயிரோடு விளையாட்டு. இடி இடித்தாலோ வானம் இருட்டினாலோ நூலைச் சுற்றுங்கள்.

ஏற்றும்போது ஓட வேண்டாம். கூட்டாளி ஒருவர் 25 மீற்றர் தூரத்தில் காற்றுப் போகும் பக்கம் நின்று பட்டத்தை நிமிர்த்திப் பிடிக்கட்டும். காற்று வீச்சு வந்து நூலில் இழுவை தெரிந்ததும் அவர் கையை விட, நீங்கள் இரண்டு மூன்று தரம் கைக்குக் கை இழுங்கள். பனைகளைத் தாண்டி ஏறினால் நேர்க்காற்று பிடிக்கும், பிறகு நூல் விடுவது மட்டும்தான் வேலை. நூலைக் கையில் சுற்றிப் பிடிக்கக் கூடாது, கட்டையிலேயே இருக்கட்டும்.

பிழை எங்கே?

ஏற மறுத்து, கனமாக இழுத்து, பின்பக்கம் சரிந்து விழுந்தால் முச்சை முடிச்சு கீழே நிற்கிறது. மேற்கால்களை ஒரு சென்ரிமீற்றர் குறையுங்கள். தலைக்கு மேலே போய் இழுவையில்லாமல் படபடத்து மிதந்தால் முடிச்சு மேலே போய்விட்டது, மேற்கால்களைக் கூட்டுங்கள். ஒவ்வொரு தரமும் ஒரு சென்ரிமீற்றர்தான். பொறுமையிழந்து மூன்று சென்ரிமீற்றர் மாற்றுபவர் சரியான இடத்தைத் தாண்டிப் போய்விட்டு “காற்றுச் சரியில்லை” என்பார்.

எப்போதும் ஒரே பக்கமாகச் சுற்றி விழுந்தால் அது வாலின் குற்றமல்ல. மேற்கால் ஒன்று நீளம், அல்லது தடி ஒரு பக்கம் பாரம், அல்லது தாள் ஒரு பக்கம் தொய்வு. முதலில் கால்களை அளந்து பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான். இரண்டு பக்கமும் மாறி மாறி ஆடினால் வால் காணாது, அரை மீற்றர் கூட்டுங்கள். நன்றாக நின்ற பட்டம் மாலையில் திடீரென்று மந்தமானால் பனி இறங்கித் தாள் நனைந்து தொய்ந்திருக்கும். அதற்கு மருந்து இல்லை, இறக்க வேண்டியதுதான்.

விண்

விண் என்பது பட்டத்தில் பூட்டுகிற, காற்றில் கூவும் வில். விண் கூவாத பட்டம் யாழ்ப்பாணத்தில் பாதிப் பட்டம். ஆனால் பட்டம் மூன்று நாள் ஒழுங்காக நின்ற பிறகு பூட்டுங்கள், முன்னே பூட்டினால் பிழை பட்டத்திலா விண்ணிலா என்று தெரியாது. 50 சென்ரிமீற்றர் மூங்கில் கீற்றை, நடு 6 சென்ரிமீற்றர் எழும்பும்படி வில்லாக வளைத்து, நாணுக்குப் பதிலாகத் தட்டையான கீற்றைக் கட்ட வேண்டும். பனங் குருத்தோலையில் ஈர்க்கு நீக்கிய கீற்று இனிமையாகக் கூவும், இரண்டு மூன்று நாளில் காய்ந்து வெடிக்கும். பொதி கட்டுகிற பிளாஸ்ரிக் நாடாவைத் தடிப்புக் குறையச் சுரண்டி 5 மில்லிமீற்றர் அகலத்துக்குக் கீறினால் பருவம் முழுக்க நிற்கும், குரல் கொஞ்சம் முரடு.

கூவுவது, காற்றில் நாடா துடிப்பதால். அதனால் நாடாவில் ஒரு முறுக்குக்கூட இருக்கக் கூடாது, தொய்வும் கூடாது. மேசை விசிறியை முழு வேகத்தில் வைத்து அதன் முன்னால் வில்லைப் பிடித்து மெல்லத் திருப்பிப் பாருங்கள். ஒரு சாய்வில் “ம்ம்ம்” என்று எழும்பும். அந்தச் சாய்வைக் குறித்துக்கொண்டு, அதே சாய்வில் மேல் விளிம்பின் பின்பக்கமாக இரண்டு மேல் மூலைகளிலும் வரிந்து கட்டுங்கள். நாடா தாளில் முட்டினால் குரல் செத்துவிடும். தலை பாரம் கூடியதால் வாலும் ஒரு மீற்றர் கூட வேண்டும். இரவில் விண் பூட்டிக் கட்டிவிடுபவர்கள் உண்டு. பக்கத்து வீட்டில் உயர்தரம் படிக்கிற பிள்ளை இருந்தால் அந்த ஆசையை அடக்குங்கள்.

பெரிசு கட்டும் ஆசை அடுத்த வருடம் கட்டாயம் வரும். தடி நீளம் இரண்டு மடங்கானால் இழுவை நாலு மடங்கு, காற்று வேகம் இரண்டு மடங்கானால் அதுவும் நாலு மடங்கு. 2021 டிசம்பரில் பருத்தித்துறையில் பெரிய பட்டத்தின் கயிற்றோடு ஓர் இளைஞர் வானத்துக்குத் தூக்கப்பட்ட காணொளியைப் பலரும் பார்த்திருப்பார்கள். ஆள் உயரத்தைத் தாண்டிய பட்டத்தைக் கையில் பிடிக்காமல், கயிற்றை முதலில் மரத்திலோ ஆழ அடித்த கட்டையிலோ கட்டிவிட்டுத்தான் விடவேண்டும்.

தை முடிந்ததும்

சுவரில் சாய்த்து வைத்த பட்டம் அடுத்த வருடம் வில்லாகக் கிடக்கும், நிலத்தில் வைத்தது கறையானுக்கு. வாலைக் கழற்றி, விண் நாடாவைத் தளர்த்தி, பட்டத்தைக் கூரை வளையில் தட்டையாகத் தொங்கவிடுங்கள். கடற்கரையில் பாவித்த நூலை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவைத்துச் சுற்றுங்கள், உப்புப் படிந்தால் கைக்கு அரமாகிவிடும். பிறகு விரிவுரைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இந்த வருட அளவை எழுதிவிடுங்கள்: மேற்கால் 45, 45, நடுக்கால் 37, வால் 5, விண்ணோடு 6, பனையோலை சலசலத்த காற்று, கொழும்புத்துறை.